கிளட்சில் போட்ட ஆணி

அந்த மாசம் முழுக்கத் திரௌபதிக்குப் புருஷன் என்று பார்க்கக் கிடைத்தது இரண்டு கால்கள்தான். அதுவும் முட்டிக்குக் கீழே. மீதி ஆள் ஃபியட் காருக்கு அடியில் கிடந்தான். காபியைக் கொண்டுவந்து கால் பக்கமாக வைத்துவிட்டு, "ஏங்க, ஆறிப்போவுது" என்பாள். கால் கட்டைவிரல் ஒரு ஆட்டு ஆடும். காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

கலியமூர்த்திக்கு வயது நாற்பத்திரண்டு. மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பதினெட்டு வருஷமாக. இரும்பு என்று எதை வைத்தாலும் உப்புக்காற்று தின்றுவிடும் இடம் அது. ஒரு இன்ஜின் மூன்று வருஷம் ஓடினாலே மாலை போட்டுக் கும்பிடலாம். இவன் கைபட்ட இன்ஜின்கள் ஏழெட்டு வருஷம் ஓடின. பக்கத்து அளத்து இன்ஜின் லேசாகத் தும்மினால் போதும், இங்கிருந்தே, "டீசல்ல தண்ணி கலந்திருக்குது பாரு" என்பான். போய்ப் பார்த்தால் கலந்திருக்கும். ஊரில் அவனுக்கு இன்ஜின் கலியமூர்த்தி என்றே பெயர். மொய் நோட்டில்கூட அப்படித்தான் எழுதுவார்கள்.

அந்தப் பேர்தான் தன்னைக் கெடுத்தது என்று இப்போது அவனே சொல்கிறான். உப்பள இன்ஜினுக்குத் தெரிந்த ஒரே வேலை சுற்றுவது. ஓடவிட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். அதற்குக் கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. அவன் ஓட்டிக்கொண்டிருந்த டி.வி.எஸ். ஃபிஃப்டிக்கும் இரண்டும் கிடையாது. கார் லைசென்ஸ் எடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குப் போனான்தான். ஆனால் அந்தக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச் இருந்தது. பாதி நேரம் அதை மிதித்தது அவர்தான். ஆக, கிளட்ச் என்கிற ஒன்றோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் வாழ்ந்துவிட்ட ஆள், புதுச்சேரியில் ரிட்டையர் ஆன ஒரு டாக்டரிடமிருந்து எண்பத்தாறாம் வருஷத்து ஃபியட்டை வாங்கிக்கொண்டு வந்தான்.

ஏன் வாங்கினான் என்பதற்கு அவனிடம் மூன்று காரணங்கள் இருந்தன. திரௌபதியிடம், "நீ ஆரோவில்லுக்கு வேலைக்குப் போற, ஷேர் ஆட்டோல நசுங்கிப் போவாத" என்றான். மச்சான் தட்சணாமூர்த்தியிடம், "பழைய வண்டி, நாளைக்கு மதிப்பு ஏறும் மச்சான்" என்றான். டீக்கடையில், "டாக்டர் ரொம்பக் கேட்டுக்கினாரு, தட்ட முடியல" என்றான். உண்மை என்னவென்றால், வெண்ணெய் நிறத்தில், உருண்டை விளக்கோடு, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர்த் தண்டு நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் காரைப் பார்த்ததும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வந்த ஏழாவது மாசம் கியர் விழ அடம்பிடித்தது. கிளட்சை அடிவரைக்கும் மிதித்தாலும் உள்ளே கறகறவென்று பல் கடிக்கிற சத்தம். புதுச்சேரியில் பழைய வண்டி பார்க்கிற மெக்கானிக்குகள் இருந்தார்கள். தட்சணாமூர்த்தி அதைச் சொல்லியும் பார்த்தான்.

"மாமா, தெரிஞ்ச ஆளுகிட்ட உட்ருங்க. எதுக்கு வம்பு?"

"டேய், பதினெட்டு வருஷம் இன்ஜின் பாக்கறவன்டா நான். என் வண்டிய இன்னொருத்தன் தொடறதா?"

அடியில் படுத்துப் பார்த்தபோது விஷயம் ரொம்பச் சுலபமாகத்தான் தெரிந்தது. காலால் மிதிக்கிற பெடலிலிருந்து ஒரு ராடு போகிறது. அந்த ராடு போய், கியர் பெட்டியின் பக்கத்தில் இருக்கிற ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்பு கிளட்சைப் பிரிக்கிறது. ராடும் நெம்பும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் அளவு ஒரு பின். முப்பத்தெட்டு வருஷம் உழைத்து அந்தப் பின் இளைத்துப்போயிருந்தது. பின் நுழைகிற ஓட்டை வட்டமாக இருக்க வேண்டியது, கோழிமுட்டை மாதிரி நீண்டுவிட்டது. மிதிக்கிற மிதியில் பாதி அந்த ஓட்டையிலேயே செலவாகிவிட்டது. மீதிதான் கிளட்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

புதுப் பின் ஒன்று கடைந்து, ஓட்டைக்குள் புஷ் என்கிற வளையம் ஒன்று போட்டிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். கலியமூர்த்திக்கு அது கௌரவமான வேலையாகப் படவில்லை. ராடின் முனையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நட் இருந்தது. அதைத் திருகினால் தொளதொளப்பு குறைந்தது. இன்னும் திருகினான். இன்னும் குறைந்தது. இனித் திருகவே முடியாது என்கிற இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே வந்து, பெடலில் கை வைத்து அமுக்கினான். துளி ஆட்டம் இல்லை. கல் மாதிரி நின்றது.

"பாத்தியா?" என்றான் திரௌபதியிடம். "அவ்ளோதான். இதுக்குப் போயி மெக்கானிக்காம்."

மறுநாள் தட்சணாமூர்த்தி வீட்டில் காதுகுத்து. அவன் வீடு ஆரோவில் பக்கம், செம்மண் மேட்டில். கடற்கரைச் சாலையில் கார் வெண்ணெய் மாதிரிதான் வழுக்கிக்கொண்டு போனது. கலியமூர்த்தி ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே ஓட்டினான். மேற்கே திரும்பி மேடு ஏற ஆரம்பித்ததும் இன்ஜின் ஓவென்று அலறியது. கார் மட்டும் அந்த அலறலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல ஊர்ந்தது. கூடவே ஒரு கருகல் வாடை.

"ஏங்க, இன்னா நாத்தம்?"

"முந்திரிக் கொட்டை சுடறாங்க போல."

"இது கார்த்திகை மாசம். எவன் இப்ப முந்திரி சுடறான்?"

அவன் ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தான். வாடை இன்னும் வந்தது. ஒரு சைக்கிள்காரர் தாண்டிப் போனார். தலையில் புல்லுக்கட்டோடு நடந்துவந்த ஒரு அம்மா தாண்டிப் போனாள்; தாண்டும்போது காருக்குள் பார்த்து, "ஏம்பா, தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டு வேறு போனாள். அதற்கு மேல் திரௌபதியால் தாங்க முடியவில்லை. சீர்த்தட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடுகிற காரிலிருந்து, அதை ஓடுகிறது என்று சொல்லலாம் என்றால், இறங்கி நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்து, சீர் வைத்து, காது குத்தி, குழந்தை அழுது ஓய்ந்த பிறகுதான் மச்சான் வீட்டு வாசலில் புகையோடு கார் வந்து நின்றது.

கிளட்சுக்குக் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எந்நேரமும் பாதி மிதித்த நிலையிலேயே இருந்து தேய்ந்து கருகும் என்பதை அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு லாரி டிரைவர் விளக்கினார். கலியமூர்த்தி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அது தெரியும்ண்ணே, சோதனைக்குத்தான் அப்படி வெச்சேன்" என்றான்.

அதன் பிறகு ஒரு மாசம் அவன் காருக்கடியில் குடியிருந்தான். நட்டைத் தளர்த்தினான், கியர் கடித்தது. இறுக்கினான், கருகியது. நடுவில் எங்கோ சரியான இடம் இருக்க வேண்டும். இளைத்த பின் அந்த இடத்தை ஒரு நாளைக்கு ஒரு இடமாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓட்டையில் தகரத் துண்டு ஒன்றைச் சுருட்டி அடைத்தான். பின் கழன்று விழாமல் இருக்க அதன் முனையில் இரண்டு கால் உள்ள ஒரு காட்டர் பின் போட வேண்டும், பழையது ஒடிந்துவிட்டது. அதற்காக யார் பாண்டிச்சேரி போவது? சாமி படம் மாட்டுவதற்கு வாங்கியதில் ஒரு ஆணி மிச்சம் இருந்தது. அதைச் செருகி வளைத்துவிட்டான். கியர் விழுந்தது. கார் போனது.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிரபாகரன் வந்தான். புதுச்சேரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற பையன். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் உப்பளத்தில் நிற்க வைத்துப் படம் எடுக்கிற பழக்கம் இப்போது வந்திருக்கிறதே, அந்த வேலை. பாத்தியில் தேங்கிய தண்ணீரில் வானம் அப்படியே தெரியும். அதற்கு நடுவில் ஒரு பழைய கார் ஓடினால் எப்படி இருக்கும் என்று கேட்டான். கலியமூர்த்தி உச்சி குளிர்ந்துபோனான்.

"வண்டி கண்டிஷன் எப்படிண்ணா?"

"ஏம்பா, இன்ஜின் கலியமூர்த்தி வண்டி. இதைக் கேக்கலாமா?"

மாசி மாசத்து விடிகாலை. மாப்பிள்ளை அருள்மொழி கோட்டு போட்டிருந்தான். பெண் பூங்குழலி தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு வெள்ளைக் கவுன். மாப்பிள்ளைதான் ஓட்ட வேண்டும். அவன் வீட்டில் இருப்பது தானியங்கிக் கியர் வண்டி. கிளட்ச் மிதித்துப் பல வருஷம் ஆகிறது என்றான். அதனால் படத்தில் தெரியாதபடி கலியமூர்த்தி பின்சீட்டுக்குக் கீழே குந்திக்கொண்டு, "இப்ப மெதுவா கிளட்ச உடுங்க சார்... அப்படித்தான் சார்" என்று சொல்லிக் கொடுப்பது என ஏற்பாடு. இரண்டு பக்கமும் பாத்தி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குக் கரை. கார் முதல் கியரில் நடை வேகத்தில் போனது. பிரபாகரன் கேமராவோடு முன்னால் பின்னடி வைத்து நடந்தான். "சூப்பர் சார்! அப்படியே மேடத்தைப் பாருங்க! இப்ப நிறுத்துங்க!"

மாப்பிள்ளை கிளட்சை மிதித்தான். அடியில் டக் என்று ஒரு சத்தம். பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. கார் நிற்கவில்லை.

"அண்ணே, இது வரமாட்டேங்குது!"

"பிரேக்கு சார்! பிரேக்க மிதிங்க!"

மாப்பிள்ளை எது பிரேக் என்று குனிந்து பார்த்தான். அவன் குனிந்தபோது ஸ்டியரிங்கும் கூடவே குனிந்தது. பின்சீட்டுக்கடியில் மடங்கிக் கிடந்தவனுக்கு எழுந்து சாவியைப் பிடுங்க நாலு நொடி ஆனது. கார் பாத்தியில் இறங்க மூன்று நொடி போதுமாக இருந்தது. எவ்வளவு மெதுவாக விழுந்தது என்றால், விழுகிற வழியில் பிரபாகரன் பதினொரு படம் எடுத்துவிட்டான். முன் சக்கரம் இரண்டும் உப்பில் இறங்கி, வயிறு மதகுக் கல்லில் மோதி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. பூங்குழலிக்கு மட்டும் சிரிப்பு அடக்க முடியவில்லை. கவுனைச் சுருட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

கலியமூர்த்தியும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி இறங்கினான். பிறகு கீழே பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

அடிபட்ட இடத்திலிருந்து இன்ஜின் ஆயில் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைவெளேர் என்று பூத்து, அன்றைக்கு வாருவதற்குத் தயாராக இருந்த பாத்தி. கறுப்பு அதில் விரிந்துகொண்டே போனது. தண்ணீர் மேல் ஆயில் என்பதால், சின்னக் காற்றுக்கு மறு கரை வரைக்கும் போய்விட்டது.

பாத்தி வேலம்மாளுடையது. ஐம்பது வயதுக்காரி. புருஷன் போன பிறகு இரண்டு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்துத் தன் கையாலேயே வாருகிறவள். வாருகிற பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலைக்கு அப்போதுதான் வந்தாள். கரையில் நின்று காரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கவுனைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள். கத்துவாள் என்று கலியமூர்த்தி காத்துக்கொண்டு நின்றான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்பா கலியமூர்த்தி, வண்டில இன்னா போச்சு?"

வாய்க்கு வந்த பதில்கள் நிறைய இருந்தன. மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியவில்லை. கரை குறுகல். கார் பழசு. எல்லாமே பாதி உண்மைதான். அவள் பலகையைக் கீழே கூட வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆணிக்கா" என்றான். "பின் போடற எடத்துல ஆணி போட்டேன்."

"இன்ஜின் பாக்கறவன்னு சொன்னாங்களே, உன்னைத்தான்?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவள் நிஜமாகவே சந்தேகமாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்வி அவனை இன்றைக்கும் படுத்துகிறது.

உப்பு ஏற்றுகிற டிராக்டர் வந்து காரை இழுத்துப் போட்டது. ஆயில் பட்ட உப்பை அள்ளிக் கொட்டுவதோடு போகவில்லை. பாத்தித் தண்ணீரை வடித்து, மேல் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, புது மண் போட்டு, காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். காய விட்டு மறுபடி மிதிக்க வேண்டும். தரை கல் மாதிரி ஆனால்தான் உப்பு வெள்ளையாக விழும். கலியமூர்த்தி தானாகவேதான் போய், "நான் மிதிக்கிறேன்க்கா" என்றான். காலை இன்ஜின்களை ஓடவிட்டுவிட்டு வந்து, வெயில் ஏறும்வரை வேலம்மாளோடு வரிசையாக மிதிப்பான். அளத்தில் சேதி பரவ அரைநாள் ஆகவில்லை. உப்புச் சுமந்துகொண்டு கரையில் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாண்ணே, கிளட்ச் பழகுறியா?"

முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் அவனுக்கே தோன்றியது, கேட்டவள் சரியாகத்தான் கேட்கிறாள் என்று. "ஆமா, ரெண்டாவது கியர் வரைக்கும் வந்துட்டேன்" என்றான். அன்றிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் குறைந்தது. வேலம்மாள் மட்டும், "அந்த மூலைய உட்டுட்ட பாரு" என்று பன்னிரண்டு நாளும் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு நாளும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

பதின்மூன்றாம் நாள் ராடையும் நெம்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கோட்டக்குப்பம் போனான். அங்கே லேத்துப் பட்டறை வைத்திருக்கிற காஜா மைதீன் கப்பல் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தகரத் துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். ஒடிந்த ஆணியை விரல் நுனியில் பிடித்தார்.

"அரே, யாரு போட்டது இது?"

"முன்னாடி வெச்சிருந்த டாக்டரு பாய்" என்றான் கலியமூர்த்தி. யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது.

"நல்ல டாக்டர்தான்." அவர் ஆணியைத் திருப்பினார். "எப்ப வாங்குனீங்க வண்டிய?"

"வருஷம் ஒண்ணாவப் போவுது."

"ஆணில துரு மேலுக்குத்தான் புடிச்சிருக்குதுண்ணே. உப்பளக் காத்துல ஒரு வருஷம் இருந்துச்சா இது?"

பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தி மிதித்துக் காய்ப்புக் கண்ட உள்ளங்கால் செருப்புக்குள் அரித்தது. வேலம்மாளிடம் சொல்ல முடிந்ததை, முன்பின் தெரியாத ஆளிடம் ஏன் மறைக்கிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. அந்த டாக்டர் பாவம், வண்டியைக் குழந்தை மாதிரித் துடைத்து வைத்திருந்தவர்.

"நான்தான் பாய் போட்டேன்."

"நெனச்சேன்" என்றார் காஜா மைதீன். "டாக்டருங்க தையல் போடுவாங்க. ஆணி அடிக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பித்தளையில் ஒரு புஷ்ஷும், கெட்டி இரும்பில் ஒரு பின்னும் கடைந்து கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தலைமுடி போக இடமில்லை. காட்டர் பின் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தந்தார். அதற்கு மட்டும் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

மாட்டுகிற வேலைக்கு மேலே ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, திரௌபதிக்கு லீவு. புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"எப்படி இருக்குது?"

"மொதல்லயே கனமா இருக்குது."

அவன் நட்டைத் தளர்த்தினான். "இப்ப?"

"இப்பத் தொளதொளன்னு போவுது. பாதிக்கு மேலதான் கனம்."

அரைச் சுற்று திருகினான். முக்கால் சுற்று பின்னால் வந்தான். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஒருதடவை கேட்டாள், "உனக்கு இன்னாதாங்க வேணும்?" மரியாதையும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொண்டால் அவளுக்குக் கோபம் என்று அர்த்தம்.

"மொதல்ல ரெண்டு விரக்கட அளவுக்குச் சும்மா போவணும். அப்புறம் கனம் வரணும்."

அவன் இன்னும் கால் சுற்று திருகினான். அவள் இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்து மிதித்து விட்டாள்.

"ரெண்டு விரக்கட சும்மா போவுது. அப்புறம் கனமாவுது. கை வெச்சிடாதீங்க, இதுதான்."

அவன் கை வைக்கவில்லை. பூட்டு நட்டை இறுக்கி, காட்டர் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் இரண்டு பக்கம் பிரித்து மடக்கினான். வெளியே வந்து மதகுக் கல்லில் அடிபட்டு ஒட்டுப் போட்ட இடத்தையும் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினான். வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு. முதல் கியர், இரண்டு, மூன்று. கறகறப்பும் இல்லை, கருகலும் இல்லை.

பிரபாகரன் அந்தப் பதினொரு படத்தையும் அழிக்கவில்லை. கார் மூக்கை உப்பில் குத்திக்கொண்டு நிற்க, கோட்டுக்காரன் தலையில் கை வைத்திருக்க, பின் கண்ணாடியில் ஒரு மீசை மட்டும் தெரிகிற படத்தைத்தான் அந்த ஜோடி கல்யாணப் பேனரிலேயே போட்டார்கள். அந்த மீசை யாருடையது என்று யாரும் கேட்கும் முன்னே கலியமூர்த்தி டீக்கடையில் போனைத் திறந்து காட்டிவிடுவான். ஆணி கதையையும் அவனே சொல்வான். மற்றவர்கள் சொன்னால் ஆணி இரண்டு ஆகிவிடுகிறது, கார் கடல்வரைக்கும் போய்விடுகிறது என்பது அவனுடைய வருத்தம்.

பாத்தியில் புதுத் தரை பிடித்து முதல் உப்பு வாரிய பிறகு, சித்திரை முடிகிற சமயத்தில், வேலம்மாள் கலியமூர்த்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் பிறந்த ஊர் வானூர் பக்கம். தாலுகா ஆபீஸில் வாரிசு சர்டிபிகேட்டுக்கு அலைகிறாள்; இரண்டு பஸ் மாற வேண்டும், முட்டி வலிக்கிறது.

"உன் வண்டி ஒழுங்கா போவுதா இப்ப?"

"போவுதுக்கா."

"எதுல ஆணி போட்டிருக்கிற?"

"எதுலயும் போடலக்கா."

"அப்பச் சரி" என்று கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கிளம்பினதிலிருந்து வேலம்மாள் ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் அவள் காலும் ஒருதரம் தரையில் அமுங்கியது. உப்பளம் தாண்டி, சவுக்குத் தோப்பு தாண்டி, வயல் வந்தது. எதிரே லாரி வந்தது, மாடு வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கியர் மாறி, மாறி, மறுபடி மாறியது.

ஒருதரம் கிளட்ச் மிதித்தபோது அவள் கால் கூடவே அமுங்கவில்லையே என்று கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தான். கதவைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்திருந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, வேலம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காரில் இதுவரைக்கும் யாரும் தூங்கியது கிடையாது.

முன்னால் வேகத்தடை வருவது தெரிந்தது. அவன் கிளட்சை மெதுவாக, ரொம்ப மெதுவாக அமுக்கினான்.